திரையில் கற்ற கைகள்

செப்டம்பர் 8 என்றதும் நம் நினைவுக்கு வருவது வேளாங்கண்ணி. அன்னை மரியாவின் பிறப்பு விழாவுக்காகக் காவி உடுத்தி, கால் கடுக்க நடந்து செல்லும் பக்தர் கூட்டத்தை ஆகஸ்டு மாதக் கடைசியில் திருச்சி - தஞ்சாவூர் சாலையில் யாரும் காணலாம். அதே செப்டம்பர் 8, உலக இயன்முறை மருத்துவ நாளாகவும் இருக்கிறது என்பதை நம்மில் பலர் அறிந்திருக்க மாட்டோம். பிசியோதெரபி என்று நாம் சொல்லும் இயன்முறை மருத்துவத்தின் உலகக் கூட்டமைப்பு 1951ஆம் ஆண்டு இதே நாளில் உருவானது. அதன் நினைவாக 1996 முதல் இந்த நாள் கடைப்பிடிக்கப்பட்டு வருகிறது. நடக்க முடிந்தவர்கள் நடந்து போகும் நாளில், நடக்க முடியாதவர்களை மீண்டும் நடக்க வைக்க உழைப்பவர்களையும் நினைத்துப் பார்ப்பது பொருத்தம்தானே?

அவர்களைப் பற்றி நம்மைச் சிந்திக்க வைத்தது ஒரு வீடு சந்திப்பு.

உப்பிலியபுரம் பகுதியில், பச்சைமலையின் அடிவாரத்தில் உள்ள ஒரு சிற்றூர். வெங்காயக் காட்டில் உழைத்தே வாழ்ந்த பெரியவர் ஒருவர் பக்கவாதத்தால் விழுந்து, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பி மூன்று வாரம் ஆகியிருந்தது. வலது கையும் வலது காலும் அசையவில்லை. நோயாளிகளைச் சந்திக்கச் சென்ற நம்முடன், அந்தப் பகுதியில் பிறந்து திருச்சியில் இயன்முறை மருத்துவராகப் பணிபுரியும் ஓர் இளம்பெண்ணும் வந்திருந்தார். விடுமுறைக்கு ஊருக்கு வந்தவரை நாம்தான் அழைத்துச் சென்றோம்.

நாம் உள்ளே நுழைந்தபோது, பெரியவரின் மனைவி அவரது வலக்கையைப் பிடித்து இழுத்து உட்கார வைக்க முயன்றுகொண்டிருந்தார். அந்தப் பெண் ஓடிப்போய்த் தடுத்தார்.

"பாட்டி, அந்தக் கையைப் பிடிச்சு இழுக்காதீங்க. தோள்பட்டை மூட்டு இறங்கிப் போயிரும். அப்புறம் வலி தாங்க மாட்டாரு. இடுப்பைப் பிடிச்சுத் தூக்குங்க, நான் சொல்லித் தரேன்."

பிறகு பெரியவரின் அருகில் அமர்ந்து, முழங்காலுக்கு மேலே தொடையில் தம் விரல்களை வைத்தார். "தாத்தா, காலை நீட்டப் போறோம்னு நினைச்சுக்கிட்டு முட்டியைக் கட்டிலோட அமுக்குங்க" என்றார். நாமும் குனிந்து பார்த்தோம். ஒன்றும் அசையவில்லை. பாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டாம் முறை, மூன்றாம் முறை. பிறகு அந்தப் பெண் நிமிர்ந்து சொன்னார்: "இருக்கு தாத்தா. துடிப்பு இருக்கு."

திரும்பி வரும் வழியில் அவரிடம், "எங்க கண்ணுக்கு ஒண்ணும் தெரியலையேம்மா, உனக்கு எப்படித் தெரிஞ்சது?" என்று கேட்டோம்.

"கண்ணுக்குத் தெரியாது சாமி, விரலுக்குத்தான் தெரியும். நானே முதல்முதலா வார்டுக்குப் போனப்ப இப்படி ஒரு நோயாளியைப் பார்த்துட்டு, 'எதுவும் இல்லை'ன்னு நோட்டுல எழுதிட்டேன். எங்க மேடம் வந்து என் விரலைப் பிடிச்சு அதே இடத்துல வச்சு அமுக்குனாங்க. அப்பத்தான் தெரிஞ்சது. ரெண்டு வருசம் பாதிக்கு மேல போன்லதான் சாமி படிச்சோம். மார்க்கெல்லாம் நல்லாத்தான் வந்துச்சு."

மதிப்பெண் நன்றாக வந்தது, ஆனால் விரலுக்குத் தெரியவில்லை. இந்தச் சொற்கள் நம் மனத்தை விட்டு நீங்கவில்லை.

என்ன நடந்தது?

அவர் 2019இல் கல்லூரியில் சேர்ந்தவர். தமிழ்நாட்டில் இளநிலை இயன்முறை மருத்துவப் படிப்பு, தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் நான்கு ஆண்டுப் பாடமும் ஆறு மாத உள்ளிருப்புப் பயிற்சியுமாக நடந்து வந்தது. உடற்கூறும் உடலியக்கமும் முதலில், உடற்பயிற்சி மருத்துவமும் மின் மருத்துவமும் அடுத்து, பிறகு எலும்பு, நரம்பு, இதயம், நுரையீரல் சார்ந்த நோயாளிகளிடம் நேரடிப் பயிற்சி என்று படிப்படியாக ஏறும் படிப்பு இது. அவர் முதல் படியில் கால் வைத்த சில மாதங்களில், 2020 மார்ச் மாதம் கல்லூரிகள் மூடப்பட்டன. மார்ச் 25 முதல் நாடே ஊரடங்கில் அடங்கியது. டிசம்பரில் மெல்லத் திறந்த கதவுகள், 2021ஆம் ஆண்டின் இரண்டாம் அலையில் மறுபடியும் மூடின. மருத்துவம் சார்ந்த கல்லூரிகள் மீண்டும் திறக்க அந்த ஆகஸ்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த நாள்களில் இணையவழி வகுப்பு ஒன்றே வழி. அதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. அரசும் தன்னால் இயன்றதைச் செய்தது. 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை, நாளொன்றுக்கு 2 ஜிபி இணையத் தரவு கிடைக்கும் அட்டைகள் 9 இலட்சத்துக்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்களுக்கு அறிவிக்கப்பட்டன. ஆனால் தரவு அட்டை இருந்தாலும் சிக்னல் வேண்டுமே! மலையும் மலையடிவாரமுமான நம் பகுதியில், வகுப்பு நேரத்துக்கு மொட்டை மாடிக்கும் மேட்டு நிலத்துக்கும் ஓடிய பிள்ளைகளை நாம் கண்டிருக்கிறோம். ஒரே கைப்பேசியை அண்ணனும் தங்கையும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்ட வீடுகளும் உண்டு.

மருத்துவமனைகளிலும் நிலைமை மாறியிருந்தது. வார்டுகள் கொரோனா வார்டுகளாயின. மூட்டு வலிக்கும் பக்கவாதத்துக்கும் பயிற்சி பெற வந்தவர்கள் வீட்டிலேயே முடங்கினார்கள். மாணவர்கள் 'போஸ்டிங்' என்று சொல்லும் வார்டுப் பயிற்சி பல இடங்களில் நின்றது, அல்லது சுருங்கியது. கல்லூரி திறந்த பிறகும், தொடுவதற்கே அஞ்சிய காலம் அது.

திரை எதைத் தந்தது?

நியாயமாகச் சொல்ல வேண்டும். திரையால் நன்மையும் விளைந்தது. ஒரு தசை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை முப்பரிமாணப் படத்தில் பத்து முறை சுழற்றிப் பார்க்கலாம். புரியாத பாடத்தை நிறுத்தி, திரும்பக் கேட்கலாம். வகுப்பில் எழுந்து கேள்வி கேட்கக் கூச்சப்படும் கிராமத்துப் பிள்ளை எழுத்தில் கேட்டுவிடலாம். தொலைதூரத்தில் இருக்கும் வல்லுநரின் உரையை உப்பிலியபுரத்துத் திண்ணையில் அமர்ந்து கேட்கலாம். ஒருமுறை நேரில் தொட்டுச் சோதித்த நோயாளி, தினமும் பயிற்சியைச் சரியாகச் செய்கிறாரா என்று காணொளி அழைப்பில் பார்த்துக்கொள்வதும் மலைவாழ் மக்களுக்கு மிகப் பெரிய உதவி. பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் கூலியும் மிச்சம்.

ஆனால் இயன்முறை மருத்துவம் அறிவோடு முடிவதில்லை. அது கையின் கலை. தசையின் வலிமையை 0 முதல் 5 வரை மதிப்பிடும் ஒரு முறை உலகெங்கும் வழக்கில் இருக்கிறது. எந்தச் சுருக்கமும் இல்லை என்றால் 0. உறுப்பு அசையாவிட்டாலும் தசையில் மெல்லிய துடிப்பு இருந்தால் 1. புவியீர்ப்பின் எதிர்ப்பு இல்லாத நிலையில் அசைந்தால் 2. புவியீர்ப்பை மீறி உயர்த்தினால் 3. மருத்துவரின் கை ஓரளவு அழுத்தும்போதும் தாங்கினால் 4. முழு அழுத்தத்தையும் தாங்கினால் 5. இந்த அட்டவணையை ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிடலாம். தேர்வில் முழு மதிப்பெண்ணும் வாங்கிவிடலாம். ஆனால் 4க்கும் 5க்கும் உள்ள வேறுபாட்டை அளப்பது சோதிப்பவரின் கை. 0க்கும் 1க்கும் உள்ள வேறுபாட்டையோ பல வேளைகளில் விரல்நுனி மட்டுமே அறியும்.

அந்த ஓர் எண் வேறுபாடு சிறிதா? 'ஒன்றுமில்லை' என்று எழுதப்பட்ட காலை வீட்டார் கைவிட்டுவிடுவார்கள். 'துடிப்பு இருக்கிறது' என்று கேட்ட வீட்டில் நாளைக்கும் பயிற்சி நடக்கும். பக்கவாதத்துக்குப் பிறகு உடல் பெரும்பாலும் மீண்டு வருவது முதல் சில மாதங்களில்தான். அந்த மாதங்கள் போனால் திரும்ப வருமா?

இன்னும் இருக்கிறது. ஒருபக்கம் செயலிழந்த மனிதரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது அவரது எடை நம் இடுப்பில் எப்படி இறங்கும்? இறுகிய மூட்டை எந்த அளவோடு நிறுத்த வேண்டும்? வலிக்கிறது என்று வாய் சொல்லாமல் முகம் மட்டும் சொல்வதை எப்படி அறிவது? வயதான ஒரு தாயிடம், "தொடலாமா அம்மா?" என்று எப்படிக் கேட்பது? எந்தக் காணொளியிலும் நோயாளியின் காலுக்கு எடை கிடையாது.

நம் பங்கு மக்களுக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமல்ல. 2020ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாத் திருப்பலியை நாம் தொலைக்காட்சி முன் அமர்ந்து கண்டோம். வாசகங்களைக் கேட்டோம், மறையுரையைக் கேட்டோம், பாடல்களைப் பாடினோம். ஆனால் நற்கருணை வேளை வந்தபோது நம் கைகள் வெறுமையாக இருந்தன. அன்று திரை நமக்கு ஆறுதல் தந்தது. அதுவே போதும் என்று யாரும் சொல்லவில்லை. தொழுநோயாளரை ஆண்டவர் சொல்லால் மட்டுமே குணமாக்கியிருக்கலாம். அவரோ கையை நீட்டித் தொட்டார்.

யார் விலை கொடுக்கிறார்கள்?

"பெருந்தொற்றுக் காலம் முடிந்துவிட்டதே, இப்போது ஏன் இந்தப் பேச்சு?" என்று சிலர் கேட்கலாம். அன்று கைப்பேசியில் பாடம் கேட்டவர்கள்தாம் இன்று நம் பெற்றோரின் தோளையும் முழங்காலையும் தொடுகிறவர்கள் என்பதே நம் பதில். அவர்களில் பலர், நம்மோடு வந்த பெண்ணைப் போல, விட்டதைத் தேடிப் பிடித்துக் கற்றுக்கொண்டார்கள். எல்லாருக்கும் அந்த வாய்ப்பு அமைந்ததா?

பெரிய நகரத்து மருத்துவமனையில் சேரும் புதியவருக்குத் தவறினால் திருத்த மூத்தவர் பக்கத்தில் இருப்பார். நம் ஊர்களில் அப்படி அல்ல. தமிழக அரசு 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களின் வீட்டுக்கே சென்று பயிற்சி அளிக்க வட்டாரத்துக்கு ஓர் இயன்முறை மருத்துவர் என்று வகுக்கப்பட்டது. திருச்சி மாவட்டத்தின் 14 வட்டாரங்களில் உப்பிலியபுரமும் ஒன்று. மருத்துவமனையின் வாசலைக் கூடத் தொட முடியாதவர்களுக்கு இது பெரிய வரம். ஆனால் எண்ணிப் பாருங்கள்: ஒரு வட்டாரம் முழுவதற்கும் ஒருவர். மலையடிவாரத்து ஒரு குடிசைக்குள் அவர் தனியாகத்தான் நிற்கிறார். சந்தேகம் வந்தால் விரலைப் பிடித்துக் காட்ட மேடம் யாரும் அங்கே இல்லை. ஆகவே, அரைகுறைப் பயிற்சியின் விலையை அதிகம் கொடுப்பது நகரத்தார் அல்லர், நம் கிராமத்து ஏழைகளே.

சட்டமும் நடைமுறையும்

இந்த ஆபத்தை நாடு உணராமல் இல்லை. மருத்துவம் சார்ந்த பணிகளை ஒழுங்குபடுத்தும் தேசிய ஆணையத்துக்கான சட்டம் 2021 மார்ச்சில் நிறைவேறியது. இயன்முறை மருத்துவமும் அதற்குள் அடங்கும். அதன்படி 2025 ஏப்ரலில் வெளியான புதிய பாடத்திட்டம், ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சியோடு கூடிய ஐந்தாண்டுப் படிப்பாக இதை வகுத்துள்ளது. ஆறு மாதம் ஓராண்டாக நீள்வது வரவேற்கத்தக்கது. அதே 2025 ஆகஸ்டில் பல்கலைக்கழக மானியக் குழு, இந்தச் சட்டத்தின் கீழ் வரும் படிப்புகளைத் தொலைநிலையிலோ இணையவழியிலோ நடத்தக் கூடாது என்று அறிவித்தது. பிரிட்டனில் இயன்முறை மருத்துவ மாணவர் தகுதி பெற 1,000 மணி நேர நேரடிப் பயிற்சி எதிர்பார்க்கப்படுகிறது. உலகம் எங்கும் இந்தத் துறை நேரத்தை இப்படி எண்ணுவதற்குக் காரணம், கை கற்பதற்குக் குறுக்கு வழி இல்லை என்பதே.

ஆனாலும் சட்டம் நேரத்தைத்தான் எண்ண முடியும். பதிவேட்டில் உள்ள நேரமெல்லாம் கையில் சேர்ந்த நேரம் ஆகாது. ஒரு நோயாளியைச் சுற்றிப் பதினைந்து மாணவர்கள் நின்றால், தொட்டவர் ஒருவர், பார்த்தவர் பதினான்கு பேர். அந்தப் பதினான்கு பேருக்கும் அது இன்னொரு காணொளிதான். சேர்க்கையை மட்டும் கூட்டிக்கொண்டு போதிய நோயாளிகள் உள்ள மருத்துவமனையைத் தேடாத கல்லூரி, இணையம் இல்லாமலேயே மாணவர்களைத் திரைக்கு முன் உட்கார வைத்துவிடுகிறது.

நம் மண்ணிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இளம் மருத்துவராக இருந்த மேரி வர்கீஸ், 1954இல் நேர்ந்த சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். தம் வாழ்வு முடிந்தது என்று அவர் ஒதுங்கவில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். பின்னர் மறுவாழ்வு மருத்துவம் பயின்று வந்து, 1966இல் வேலூரில் திறக்கப்பட்ட மறுவாழ்வு நிலையம் உருவாகக் காரணமானார். அதே வேலூரில் மருத்துவர் பால் பிராண்டு தொழுநோயாளரின் மடங்கிய விரல்களை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்தினார். ஆனால் இடம் மாற்றிப் பொருத்திய தசைநார் புதிய வேலையைக் கற்க, நாள்தோறும் பொறுமையான பயிற்சி வேண்டியிருந்தது. கத்தி தொடங்கிய வேலையைப் பயிற்சி தந்த கைகள்தாம் முடித்தன. அங்கே பெரிய ஆசிரியர் புத்தகம் அல்ல, நோயாளியே.

நாம் என்ன செய்யலாம்?

முதலில், மாணவச் செல்வங்களே! தெரியாததைத் தெரியாது என்று சொல்லக் கூசாதீர்கள். 'எதுவும் இல்லை' என்று எழுதிய அன்று நம் பெண் வெட்கப்பட்டிருக்கலாம். ஆனால் அந்த நாள்தான் அவரை மருத்துவராக்கியது. செய்யாத பயிற்சியைச் செய்ததாகக் குறிப்பேட்டில் எழுதாதீர்கள். அந்தப் பொய்யைச் சுமக்கப்போவது உங்களை நம்பிக் காலை நீட்டும் ஓர் ஏழை. படித்து முடித்தபின் குறை தெரிந்தாலும், மூத்தவர் ஒருவரின் அருகில் சில மாதங்கள் நின்று கற்பது இழிவல்ல.

பெற்றோரே! பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கும்போது கட்டடத்தையும் கட்டணத்தையும் மட்டும் கேட்காதீர்கள். எந்த மருத்துவமனையில் பயிற்சி? ஒரு நோயாளிக்கு எத்தனை மாணவர்? அருகில் நின்று திருத்துபவர் யார்? இந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள். விடுமுறையில் வரும் பிள்ளையிடம், "எவ்வளவு மார்க்?" என்று கேட்பதோடு, "எத்தனை பேரைத் தொட்டுப் பார்த்தாய்?" என்றும் கேளுங்கள்.

கல்லூரிகளுக்கும், நம் திரு அவையின் மருத்துவமனைகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஆசிரியர் ஒருவரின் துணையோடு, மாணவர்களைச் சில வாரங்களாவது உப்பிலியபுரம் போன்ற ஊர்களுக்கு அனுப்புங்கள். நகரத்து வார்டில் உயரம் சரிசெய்யும் கட்டில் இருக்கும். இங்கே கயிற்றுக் கட்டிலும் மண் தரையும்தான். அதில் எப்படி எழுப்புவது என்பதும் பாடமே.

பங்கு மக்களாகிய நமக்கும் கடமை உண்டு. நம் ஒவ்வோர் அன்பியத்திலும் படுக்கையில் இருப்பவர்கள் யார் என்று நமக்குத் தெரியும். வின்சென்ட் தே பவுல் சபையினருக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அப்படிப்பட்ட வீடுகளுக்கும் பயிற்சிக்கு வரும் மாணவர்களுக்கும் நாம் பாலமாகலாம். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. ஏழையின் உடல் சோதனைக்கூடம் அல்ல. ஆசிரியர் உடன் இருக்க வேண்டும், நோயாளி மனமார இசைய வேண்டும், வேண்டாம் என்றால் அந்தச் சொல்லை மதிக்க வேண்டும். அப்படி வரவேற்கப்படும் மாணவர், அந்த வீட்டுத் தாத்தாவைத் தம் முதல் ஆசிரியராக என்றும் நினைப்பார்.

அந்தப் பெரியவரை மூன்று மாதம் கழித்து மீண்டும் சந்தித்தோம். ஓடியாடி நடக்கிறார் என்று சொல்லமாட்டோம். சுவரில் இடக்கையை ஊன்றி, பாட்டி இடுப்பைப் பிடித்துக்கொள்ள, திண்ணை வரை வந்து அமர்ந்தார். வலது கால் தரையை உரசித்தான் வந்தது. ஆனால் வந்தது. பாட்டி அவரைப் பிடித்திருந்த விதத்தைக் கவனித்தோம். கையைப் பிடித்து இழுக்கவில்லை.

"அந்தப் பாப்பா சொல்லிக் குடுத்தபடிதான் சாமி செய்யுறேன்" என்றார் பாட்டி.

ஒரு மேடம் ஒரு மாணவியின் விரலைப் பிடித்து வைத்தார். அந்த மாணவி ஒரு பாட்டியின் கையைப் பிடித்து வைத்தார். இப்படித்தான் இந்தக் கல்வி கைமாறி வருகிறது. திரை நமக்கு உதவட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நம் பிள்ளைகளின் கைகளுக்கு உரிய நேரத்தையும், உரிய ஆசிரியரையும், உரிய நோயாளியையும் நாம் மறுக்காதிருப்போம். வரும் செப்டம்பர் 8 அன்று, வேளாங்கண்ணிக்கு நடந்தவர்களுக்காகச் செபிக்கும்போது, படுக்கையில் கிடந்து ஒரு தொடுதலுக்காகக் காத்திருப்பவர்களையும், அவர்களைத் தொடத் தயாராகிவரும் இளம் கைகளையும் சேர்த்து நினைத்துக்கொள்வோம்.